ஆனால் வைத்த வீடு

எஸ்ரா ஓட்லிங் உயிரோடு இருந்தவரை மனைவியைச் சந்தேகப்பட்டார். செத்த பிறகும் விட மனசில்லை. அந்தச் சந்தேகத்தை ஒரு தாளில் எழுதி, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தையும் வாங்கி, வக்கீலிடம் பத்திரமாகக் கொடுத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

அடக்கம் முடிந்து வந்தவர்கள் பன்றித் தொடையும் பிளம் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வக்கீல் திம்பிள்பி உயிலை வாசித்தார். வீடு, பதினாலு ஏக்கர் நிலம், ஆப்பிள் தோட்டம், எல்லாம் மனைவி தபித்தாவுக்கு. அவளுக்குப் பிறகு அவள் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். முப்பத்து மூன்று வயது தபித்தா கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தாள். பரவாயில்லை, இந்த மனுஷனுக்கும் நெஞ்சில் ஈரம் இருந்திருக்கிறது என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அப்போது திம்பிள்பி பக்கத்தைத் திருப்பி, "ஆனால்" என்று அடுத்த வரியை ஆரம்பித்தார்.

ஆனால், அவள் மறுமணம் செய்துகொண்டால், அந்த நிமிஷமே சொத்து முழுதும் எஸ்ராவின் தம்பி மகன் ஓபெட் ஓட்லிங்குக்குப் போய்ச் சேர வேண்டும்.

இருபத்திரண்டு வயது ஓபெட் வாய் நிறைய இறைச்சியோடு மெல்லுவதை நிறுத்தினான்.

"அப்ப எனக்கு இப்ப என்ன கெடைக்கும்?" என்று கேட்டான்.

"இப்ப ஒண்ணும் கெடையாது, தம்பி," என்றார் திம்பிள்பி. "உனக்கு இருக்கறது இனிமே வரப்போற உரிமை. வந்தா வரும். அவங்க கல்யாணமே பண்ணிக்காம கடைசி வரைக்கும் இருந்துட்டா, உனக்கு எப்பவுமே ஒண்ணும் கெடையாது. பண்ணிக்கிட்டா மோதிரம் விரல்ல ஏறின அந்த நொடியே எல்லாம் உனக்கு."

ஓபெட் மீதியை மென்று விழுங்கிவிட்டுப் பெரியம்மாவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் அதற்கு முன்பு இல்லாத ஒரு பாசம் இருந்தது.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் பிறகு நடந்தது. துக்க வருஷம் முடிவதற்குள்ளேயே ஓபெட் வந்துவிட்டான்.

"பெரியம்மா, இந்த வயசுல நீங்க தனியா இருக்கக் கூடாது. பாக்கவே மனசு கேக்கல."

"உன் மனசு என்ன கேக்குதுன்னு எனக்குத் தெரியும்டா," என்று தபித்தா கதவைச் சாத்தினாள்.

அவன் சளைக்கவில்லை. மனைவியை இழந்த ஒரு தானிய வியாபாரி முட்டை வாங்கும் சாக்கில் வந்தார்; அவர் ஓபெட்டோடு சீட்டாடுகிறவர் என்று தபித்தா கண்டுபிடித்தாள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் புத்தகம் இரவல் கொடுக்க வந்தார். அவருடைய வீட்டுக் கூரையை ஓபெட் இலவசமாக வேய்ந்து கொடுத்திருந்தான். குதிரைத் தரகன் ஒருவன் வந்தான். அவனைப் பற்றி விசாரிக்கவே தேவையிருக்கவில்லை, ஓபெட்டின் தொப்பியையே போட்டுக்கொண்டு வந்திருந்தான். பன்னிரண்டு வருஷத்தில் ஏழு பேர். ஏழு பேரையும் அவள் வேலிக் கதவுக்கு வெளியே நிற்க வைத்தே பேசி அனுப்பினாள். எட்டாவதாக ஒருவர் வந்தார், அவர் உண்மையாகவே வழி கேட்க வந்தவர். அவரையும் விரட்டினாள்.

எங்கள் ஊர்ப் பெண்கள் அவளுக்குத் திமிர் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு ஆண் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னால், இது எனக்கா என் கூரைக்கா என்று ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேண்டிய நிலைமையில் எவளுக்கு முகம் மலரும்? வாத்து வளர்த்தாள், இறகு விற்றாள், ஆப்பிள் மரங்களைத் தானே கழித்துவிட்டாள். ராத்திரி சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டாள். நாற்பத்தைந்து வயதானபோது, ஓபெட்டும் களைத்துப்போய் வருவதை நிறுத்திக்கொண்டான்.

அந்த வருஷம்தான் ரூபன் கெல்சி எங்கள் மதகுக்குக் காவலாக வந்தார். ஆற்று வாயில் இருக்கும் அந்த மதகை, கடல் ஏறி இறங்குவதற்கேற்றபடி திறந்து மூடாவிட்டால் இந்தச் சதுப்பு நிலம் முழுதும் கடலுக்குத்தான் சொந்தம். ரூபனுக்கு ஐம்பது வயது இருக்கும். கல்யாணம் ஆகாதவர். நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுவார்.

பிப்ரவரியில் கடல் பெரிதாக ஏறிய ஒரு நாளில் அவர் கரை வழியாக ஓடி வந்து, "தண்ணி தாண்டப் போகுது, வாத்தையெல்லாம் மேல ஏத்துங்க," என்றார். கேட்காமலேயே முப்பத்தாறு வாத்துகளையும் தானே பிடித்துக் களஞ்சிய மாடியில் ஏற்றினார். கையெல்லாம் கொத்துப்பட்ட ரத்தம். தபித்தா அவருக்குத் தேநீர் கொடுத்தாள், வேலிக் கதவில் வைத்துத்தான். அவர் குடித்துவிட்டுக் கோப்பையை வேலிக் கம்பத்தின் மேல் வைத்துவிட்டுப் போனார். ஒரு நன்றியைக்கூட எதிர்பார்க்காமல் போகிறாரே, சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்று அவள் நினைத்தாள்.

அவரைப் பற்றித் தோண்டித் துருவி விசாரித்தாள். ஓபெட்டோடு சீட்டு இல்லை, குடி இல்லை, உறவு இல்லை. அவளுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்றுதான். அவள் எப்போதாவது, தண்ணீர் எப்போது இறங்கும், உடைந்த கரை எப்போது அடைபடும் என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி அனுப்பினால், அதற்கு அவர் எழுத்தில் பதில் அனுப்பியதே இல்லை. ஒன்றரை மைல் நடந்து வந்து, "நீங்க ஏதோ கேட்டிருந்தீங்களாமே?" என்பார். அவளே வாயால் திரும்பச் சொல்ல வேண்டும். பிறகு பதில் சொல்லிவிட்டுப் போவார்.

கையில் எதையும் எழுதிக் கொடுக்காத ஆள் என்று தபித்தா குறித்துக்கொண்டாள். நாளைக்கு நான் சொல்லவேயில்லை என்று கைவிரிப்பதற்கு இப்போதே வழி வைத்துக்கொள்கிறான்.

இப்படி ஒன்றரை வருஷம் நடந்து நடந்து ஒருநாள், "நம்ம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாமா, தபித்தா?" என்று கேட்டார்.

"என் வீட்டு உயில் விஷயம் தெரியுமா?"

"ஊருக்கே தெரியுமே."

"பண்ணிக்கிட்டா வீடு போயிடும்."

"போனா மதகு வீடு இருக்கு. ரெண்டு ரூம். கொஞ்சம் ஈரம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று நினைத்தவுடனே பயமும் வந்தது. பிடிக்காதவனை விரட்டுவது சுலபம். பிடித்தவனை என்ன செய்வது?

அடுத்த சந்தை நாளில் பக்கத்து டவுன் ஸ்பால்டிங்குக்குப் போய்த் திம்பிள்பியைப் பார்த்தாள்.

"நான் சரின்னு சொன்னா, அப்பவே வீடு கை மாறிடுமா?"

"மாறாதும்மா. வாக்கு வேற, கல்யாணம் வேற. வாக்குங்கறது இனிமே செய்யப்போற காரியம். செஞ்சு முடிக்கற வரைக்கும் வீடு ஒரு அங்குலம்கூட நகராது. ஆனா ஒண்ணு, விளையாட்டா வாக்கு குடுக்காதீங்க. குடுத்துட்டு மாட்டேன்னா, அவர் உங்க மேல வழக்குப் போடலாம்."

போட்டால் போடட்டும், அப்போதாவது குட்டு உடையும் என்று அவள் கணக்குப் போட்டாள். வாக்குக் கொடுக்கலாம். மூன்று ஞாயிறு தேவாலயத்தில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கட்டும். அந்த மூன்று வாரத்தில் யார் முகத்தில் விளக்கு எரிகிறது என்று பார்த்துவிடலாம். ரூபனிடம் சரி என்றாள். அவர் தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டார், திரும்பவும் கழற்றினார்.

முதல் ஓலை வாசித்த ஞாயிறு தபித்தா பாதிரியாரைப் பார்க்கவில்லை, ஓபெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாலு வருஷம் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தவன் துள்ளிக் குதிக்க வேண்டாமா? அவன் முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது. பாட்டு முடிவதற்குள் எழுந்து வெளியே போய்விட்டான்.

வாசலில் அவன் அவளுக்காகவே காத்திருந்தான். ஒரு குதிரை வண்டியில் உட்கார்ந்திருந்தான். வண்டி ரூபனுடையது. குட்டைக் குதிரையும் ரூபனுடையது.

"வாழ்த்துக்கள் பெரியம்மா," என்றான் ஓபெட். "நான் பதினாலு வருஷம் தூண்டில் போட்டுட்டு உக்காந்திருந்தேன். உங்க ஆளு ரெண்டே மாசத்துல வலையப் போட்டு அள்ளிட்டான். என்னை முட்டாளாக்கினதுமில்லாம உங்களையும் ஆக்கறான் பாருங்க."

"என்னடா உளர்றே?"

"திம்பிள்பியைப் போய்க் கேளுங்க. இந்தக் குதிரையைக் குடுத்து என்ன வாங்கினான்னு கேளுங்க."

செவ்வாய்க்கிழமை திம்பிள்பி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டுச் சொன்னார். வேறு ஊர் வக்கீல் ஒருவர் எழுதிய பத்திரத்தின் நகல் அவருக்கு முந்தின நாள்தான் வந்திருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்பு, தபித்தா இனி ஜென்மத்துக்கும் கல்யாணம் செய்யமாட்டாள் என்று முடிவு கட்டியிருந்த ஓபெட், தன்னுடைய அந்த வரப்போகிற உரிமையை விற்றுவிட்டான். விலை ஒரு குதிரை, ஒரு வண்டி, ஒரு படகு, கொஞ்சம் சேமிப்பு. வாங்கியவர் ரூபன் கெல்சி.

"வராத ஒண்ணை விக்க முடியுமா?"

"முடியும்மா. சட்டம் விடுது."

"அப்ப நான் ரூபனைக் கட்டிக்கிட்டா..."

"வீடு ரூபனுக்கு," என்றார் திம்பிள்பி.

அன்று அவள் ஊருக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வாங்கியது இரண்டு மாதத்துக்கு முன்பு. பெண் கேட்டது ஒரு மாதத்துக்கு முன்பு. முதலில் வலை, அப்புறம்தான் மீன். ஏழு பேரும் வெளிப்படையாக வந்த திருடர்கள், இவன் வாத்திடம் கொத்துப்பட்டுக்கொண்டு வந்த திருடன் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகைகூட வரவில்லை. நேரே மதகுக்குப் போனாள். ரூபன் கதவுச் சங்கிலிக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தார்.

"ஓபெட் கிட்ட வாங்கினியா?"

"வாங்கினேன்."

"எதுக்கு?"

"அவன் கையில இருந்தா உன்னைத் தெருவுல தள்ளுவான். என் கையில இருந்தா தள்ளமாட்டேன்ல."

"முதல்லயே ஏன் சொல்லல?"

"சொன்னா, ஓபெட்டோட சேந்த ஆளுன்னு நெனப்ப."

"இப்ப?"

"இப்ப அதைவிட மோசமா நெனக்கறே," என்றார் ரூபன்.

"அதை எனக்கு எழுதிக் குடு. உனக்கு எந்த உரிமையும் இல்லைன்னு எழுதிக் குடு. அப்பறம் கல்யாணத்தைப் பத்திப் பேசலாம்."

அவர் உடனே சரி என்றிருந்தால் அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பாள். அவர் சொல்லவில்லை. தண்ணீரைப் பார்த்தார், கையிலிருந்த துணியைப் பார்த்தார். கழுத்தெல்லாம் சிவந்துபோனது.

"எழுதித்தான் ஆகணுமா? நான் வாயால சொல்றேனே. போதாதா?"

"போதாது."

"சரி," என்றார் கடைசியில், பல் பிடுங்கச் சம்மதிக்கிறவர் மாதிரி.

அந்தத் தயக்கம் ஒன்றே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. மடியில் கனமில்லாவிட்டால் வழியில் என்ன பயம்?

இரண்டாம் ஓலை வாசித்தார்கள். மூன்றாம் ஓலையும் வாசித்து, இந்தப் பக்கத்து வழக்கப்படி அதற்கென்று மணியும் அடித்தார்கள். மணியோசை கேட்கக் கேட்க அவளுக்குக் கோபமாக வந்தது. கல்யாணம் அடுத்த திங்கட்கிழமை பதினொரு மணிக்கு என்று பாதிரியார் குறித்தார். இடையில் சனிக்கிழமை ரூபன் வந்து, கோட்டுக்குள்ளிருந்து சிவப்பு நாடா கட்டிய ஒரு பத்திரத்தை எடுத்து வேலிக் கதவுக்கு மேலாக நீட்டினார்.

"திம்பிள்பி கிட்ட சொல்லி எழுதி வாங்கினேன். பாத்துக்கோ. திங்கக்கெழமை வருவியா?"

"படிச்சுட்டுச் சொல்றேன்."

"நான் அங்க இருப்பேன்," என்று சொல்லிவிட்டு நடந்தார். குதிரைதான் இல்லையே.

தபித்தா படித்தாள். சனிக்கிழமை ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடவை. இரண்டு ஆண்கள் சேர்ந்து ஒரு அறையில் உட்கார்ந்து எழுதிய தாள்; அதில் திம்பிள்பியை மட்டும் நம்புவானேன்? மேற்படி நிலம், மேற்படி உயில், மேற்படி நபர் என்று வரிக்கு மூன்று மேற்படிகள் இருந்தன. ஒவ்வொரு மேற்படியின் அடியிலும் என்ன ஒளிந்திருக்கிறது என்று விரலை வைத்துத் தேடினாள். அவள் தேடியது ஒரே ஒரு வார்த்தையைத்தான். எங்காவது ஒரு "ஆனால்" இருக்க வேண்டும். இல்லை. ரூபன் கெல்சி தன் உரிமை முழுவதையும் விட்டுக்கொடுக்கிறார். தபித்தா கல்யாணம் செய்தாலும் செய்யாவிட்டாலும், இவரையே செய்தாலும் வேறொருவரைச் செய்தாலும், வீடு அவளுடையதுதான். புருஷன் வந்தாலும் பெண்ணின் சொத்து பெண்ணுக்கே என்று போன வருஷம் வந்த புதுச் சட்டத்தையும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். கட்டின பெண்டாட்டியையே நம்பாத எஸ்ரா ஆனால் வைத்தார்; நேற்று வந்தவன் ஆனாலே இல்லாமல் எழுதிக் கொடுப்பானா? அவளுக்குச் சந்தேகம் கூடத்தான் செய்தது.

திங்கட்கிழமை காலையில் சாம்பல் நிறப் பட்டு உடுத்திக்கொண்டு, போகிறோமா இல்லையா என்றே தெரியாமல், சமையலறை மேஜையில் நாலாவது தடவையாக அதை விரித்தாள். பத்தரை அடித்தது. பதினொன்று அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. பதினொன்றே முக்காலுக்கு அவள் கடைசிப் பக்கத்தின் அடிக்கு வந்தாள். அங்கே அரக்கு முத்திரை இருந்தது. கையெழுத்துத்தானே என்று மூன்று தடவையும் அவள் பார்க்காமல் விட்ட இடம் அது.

முத்திரைக்குப் பக்கத்தில் கையெழுத்து இல்லை. ஒரு சிலுவைக் குறி இருந்தது. கோணலாக, அழுத்தி, மை தெறித்துப் போட்ட குறி. அதன் கீழே திம்பிள்பியின் சிறிய எழுத்தில், "ரூபன் கெல்சியின் அடையாளம். மேற்படி நபர் எழுதப் படிக்கத் தெரியாதவர் ஆதலால், முழுதும் அவருக்கு வாசித்துக் காட்டப்பட்டது," என்று இருந்தது.

அவள் துண்டுச் சீட்டு அனுப்பியபோதெல்லாம் அந்த மனுஷன் ஒன்றரை மைல் நடந்து வந்தது அதற்காகத்தான். சங்கிலிக்குப் பக்கத்தில் நின்று கழுத்து சிவந்தது அதற்காகத்தான். தாளைக் காட்டி ஏமாற்றுவான் என்று அவள் நாலு தடவை தேடிக்கொண்டிருந்த ஆளுக்குத் தன் பெயரைக்கூடத் தாளில் எழுத வராது. அப்படிப்பட்டவர் குதிரையையும் படகையும் கொடுத்து ஒரு தாளை வாங்கி, அதையும் இன்னொரு தாளில் விட்டுக்கொடுத்திருக்கிறார். தபித்தாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. அதற்கு மேல், நாற்பத்தேழு வயதில், அந்த ஆள் மேல் ஆசை தாங்கவில்லை. தலைத்தொப்பியைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

தேவாலயம் ஒரு மைல். நேர்ப் பாதை சேறு. பட்டு முழங்கால் வரை நனைந்தது. கல்லறைச் சுவரை அவள் தொட்டபோது மேலே மணி அடிக்கத் தொடங்கியது. உள்ளே நுழைந்தபோது பன்னிரண்டும் அடித்து முடிந்திருந்தது. பாதிரியார் பதிவேட்டை மூடி அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. பன்னெண்டு அடிச்சாச்சு. மத்தியானத்துக்கு மேல கல்யாணம் பண்ணி வெச்சா சட்டப்படி என்னை உள்ள தள்ளிடுவாங்க. மூணு மாசத்துக்கு ஓலை செல்லும். எப்ப வேணாலும் வாங்க," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவர் ஒம்போது மணியிலிருந்து இருக்கார். எதுக்கும் கொஞ்சம் பாத்துப் பேசுங்க," என்றார்.

ரூபன் வாசல் மண்டபத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். புதுக் காலர் கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"படிச்சுட்டியா?" என்றார்.

"படிச்சேன்."

"என்ன போட்டிருக்கு அதுல?"

அவள் அவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"வீடு எனக்குன்னு போட்டிருக்கு. உனக்கு ஒண்ணுமே இல்லைன்னு போட்டிருக்கு."

ரூபன் நீளமாக மூச்சை விட்டார். "அப்ப நான் சொன்னதைத்தான் எழுதியிருக்காரு. நல்லதாப் போச்சு. மூணு நாளா அதே கவலை எனக்கு. வேற ஏதாவது எழுதியிருந்தாலும் எனக்கு எப்படித் தெரியும் சொல்லு?"

தபித்தா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பாதிரியார் பார்க்கிறாரே என்றுகூட நினைக்காமல், வாய்விட்டு அழுதாள். ரூபன் பெஞ்சில் இருந்த தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவளுக்கு இடம் விட்டார்.

"நாளைக்கு," என்றாள் அவள், மூக்கை உறிஞ்சியபடி. "நாளைக்கு எட்டு மணிக்கே வந்துடறேன்."

"எட்டு வேண்டாம். பத்துக்கு வா."

தபித்தா சரி என்றாள். ஏன் என்று கேட்கவில்லை.